எடிபிள் பிரிண்டர்: பதினான்கு மாதக் கணக்கு

பேக்கிங் வகுப்பில் என்னோடு படித்த தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "ஃபோட்டோ கேக் பிரிண்டர் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமாக்கா?" கேக்மேல் ஒட்டும் படத்தைச் சாப்பிடக்கூடிய மையால் அடிக்கும் மெஷின் அது; என்னிடம் பதினான்கு மாதமாக ஒன்று இருக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் கேட்டாள். அன்று மதியம்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4,200 ரூபாய் கொடுத்து அதற்குப் புது ஹெட், அதாவது மை தெளிக்கும் பாகம், மாட்டிக்கொண்டு பெரம்பூருக்குத் திரும்பியிருந்தேன்.

வாங்கும்போது என் கணக்கு எளிமையாக இருந்தது. படம் அடிக்கும் சர்க்கரைத் தாளுக்கு ஐசிங் ஷீட் என்று பெயர். வெளியே கொடுத்து அடித்தால் ஏ4 ஷீட் ஒன்றுக்கு 150 ரூபாய். சொந்தமாக அடித்தால் ஷீட் 60, மை ஏதோ கொஞ்சம். மிச்சமெல்லாம் லாபம். அந்த "ஏதோ கொஞ்சம்"தான் என்னைக் கவிழ்த்தது.

இந்த மை உணவு நிறமும் தண்ணீரும் கிளிசரினும் கலந்தது. நாலு நாள் அடிக்காமல் விட்டால் ஹெட்டின் மயிரிழைத் துளைகளில் காய்ந்து உட்கார்ந்துவிடும். அதற்காகத் தினமும் ஒரு நாசில் செக், அதாவது எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று கோடு அடித்துப் பார்ப்பது; கோடு விட்டிருந்தால் கிளீனிங். ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மெஷின் நல்ல மையை உறிஞ்சி உள்ளே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. ஆடியில் மொத்தம் ஒன்பது ஷீட்தான் அடித்தேன். மாசக் கடைசியில் 100 மில்லி மெஜந்தா (கருஞ்சிவப்பு மை) பாட்டிலில் கால்வாசி காணோம். கேக்கில் போனதைவிடப் பஞ்சில் போனதுதான் அதிகம். யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி!

தீனி போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். ஒரு தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு ஒன்றரைக் கிலோ கேக். மெஜந்தா அடைத்திருப்பதைக் கவனிக்காமல் பிரிண்ட் கொடுத்தேன். தாத்தா கூத்தில் ராமர் வேஷம் கட்டியவர்போலப் பச்சை முகத்தோடு வெளியே வந்தார். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த டிஷ்யூமேல் ஹெட்டை வைத்து, ராத்திரி பதினொன்றரைக்குத்தான் மனுஷ நிறம் வந்தது. மூன்று ஷீட் வீண்.

ஷீட்டுக்கும் சென்னைக்கும் ஆகாது. விலை குறைகிறதே என்று இங்கே பாரிஸ் கார்னரில் மொத்தமாக நாலு பாக்கெட் வாங்கினேன். ஐப்பசி மழையில் ஒரு பாக்கெட்டின் ஜிப்பைச் சரியாக மூடவில்லை. ஷீட் பிளாஸ்டிக்கை விட்டு உரியவே இல்லை. ஃப்ரீசரில் ஒரு நிமிஷம் வைத்து, மேஜை விளிம்பில் இழுத்துப் பார்த்ததில் பாதி பிழைத்தது. சரி, ஏசி அறையில் வைப்போம் என்றால் அங்கே அப்பளம்போல் நொறுங்கியது. இப்போது ஒரு மாதத்துக்கு மேல் சரக்கு வாங்குவதில்லை. ஐசிங் ஷீட்டுக்குப் பதில் மாவில் செய்த வேஃபர் பேப்பர் மலிவு. ஆனால் விப் கிரீமில் பட்டதும் சுருண்டுகொள்ளும். கேக்மேல் குத்தி நிறுத்தும் டாப்பருக்கு மட்டும்தான் அதை எடுக்கிறேன்.

மலிவு மை பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் உணவில் அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டுதான். வெளிநாட்டில் சகஜமாகச் சேர்க்கும் அல்யூரா ரெட் என்ற சிவப்பு, லேபிளில் E129 என்று இருக்கும், அதில் கிடையாது. பாட்டிலில் நிறத்தின் பெயரே போடாத மையை நான் கையால் தொடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் பட்ஜெட் பார்க்காதே.

திட்டியே தீர்த்துவிட்டேன், நியாயமும் சொல்ல வேண்டும். ஆறு அங்குல வட்டம் ஒன்று அடித்தால், அதே ஏ4 ஷீட்டில் மிச்ச இடத்தில் கப் கேக்குக்கு இரண்டு அங்குல வட்டம் ஆறு பிடிக்கும். வெளியே கொடுத்த காலத்தில் அந்த இடம் அப்படியே வெள்ளையாக வந்து குப்பைக்குப் போகும். இன்று அந்த ஆறு வட்டம்தான் என் உண்மையான லாபம். இன்னொன்று, கிரீம்மேல் ஷீட்டைப் பதித்துக் கால் மணி நேரத்தில் அதன் விளிம்பு கரைந்து, படம் மட்டும் கிரீமிலேயே வரைந்ததுபோல் நிற்கும். இத்தனை மாதமாகியும் அதை நின்று பார்க்காமல் பெட்டியை மூடியதில்லை.

ஹெட்டுக்கென்று மாதம் 300 ரூபாய் தனியாக எடுத்து வை. ஆர்டர் இல்லாத நாளின் மையையும் ஆர்டர் விலையில் ஏற்று. வாரத்துக்கு ஐந்து ஃபோட்டோ கேக்காவது நிச்சயமாக வராது என்றால் வாங்காதே தங்கச்சி, வெளியிலேயே அடித்துக்கொள்.

என்னுடையதை விற்பாயா என்று மட்டும் கேட்காதே. சனிக்கிழமைக்கு மூன்று ஆர்டர் இருக்கிறது, நாளைக் காலை பாரிஸ் போய் மெஜந்தா வாங்க வேண்டும்.