பேட்சை நாமே வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

அலுவலகத்தில் பில் அச்சிட ஓர் ஓப்பன் சோர்ஸ் பிடிஎஃப் லைப்ரரியை (யாரும் எடுத்துத் திருத்தி, தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளக்கூடிய கோட் தொகுப்பை) வைத்திருந்தோம். அதில் ‘கொ’ என்று கொடுத்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. இந்த லைப்ரரி அதைச் செய்யவில்லை. 11 வரி கோட் எழுதிச் சரிசெய்துவிட்டேன். இப்படிப்பட்ட சிறு திருத்தத்தைத்தான் பேட்ச் என்கிறோம். அந்த 11 வரியை அப்புறம் என்ன செய்வது என்பதுதான் தலைவலி.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தோம்: எங்கள் ஃபோர்க்கிலேயே, அதாவது அந்த லைப்ரரியை நாங்கள் தனியாகப் பிரித்து வைத்திருந்த நகலிலேயே, வைத்துக்கொண்டோம். யார் அனுமதியும் வேண்டாம், அன்றைக்கே வேலை முடிந்தது. ஆனால் அடுத்த வெர்ஷனில் அந்த ஃபங்ஷனை வேறு ஃபைலுக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் மாற்றமும் எங்கள் மாற்றமும் மோதும் கான்ஃப்ளிக்டைத் தீர்க்க அரை நாள். அதற்கடுத்த முறை நான் லீவில் இருந்தேன். யாரோ பேட்ச் இல்லாமல் அப்டேட் செய்ய, கொம்பு பழையபடி பின்னால் போனது. லினக்ஸின் மேல் ஓடும் ஆண்ட்ராய்டு பட்ட பாட்டுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. பராமரிக்க ஆளில்லை என்று 2010-இல் லினக்ஸ் 2.6.33-இலிருந்து அதற்கான டிரைவர்கள் என்ற கோட் பகுதிகளை நீக்கினார்கள். அவை திரும்பி வந்தது 2012-இல், 3.3 வெர்ஷனில்.

இரண்டாவது வழி, அலுவலக நேரத்திலேயே மூலத் திட்டத்துக்கு, அதாவது அந்த லைப்ரரியை உருவாக்குபவர்களுக்கு, அனுப்புவது. இதில் பொறுமை போய்விடும். முதலில் மேனேஜர், பிறகு சட்டப் பிரிவு, அதற்கப்புறம்தான் அந்தத் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர். அவர் எடுத்த எடுப்பில், “மலையாளத்துக்கும் வங்காள மொழிக்கும் டெஸ்ட் எங்கே?” என்று கேட்டார். அந்த மொழிகளிலும் இடப்பக்கக் கொம்பு உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சோதித்தால் இரண்டிலும் என் 11 வரி தப்பு. திருத்தி, அவர்கள் கோடுடன் மெர்ஜ் ஆக (சேர்க்கப்பட) 7 வாரம். அதன்பின் அந்த வரிகளை நாங்கள் தொட்டதே இல்லை.

மூன்றாவது வழி, ராத்திரியில் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிவிடுவது. இளையவர்களுக்கு இதுதான் பிடிக்கும், எனக்குப் பயம். வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. லினக்ஸ் போன்ற திட்டங்களில் பேட்சின் அடியில் ‘சைன்ட் ஆஃப் பை’ என்று பெயர் போடுகிறோமே, இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி அது. உரிமை நம்முடையதா என்று தெரியாமல் போடக்கூடாது.

என் கட்சி இரண்டாவதுதான். எங்கள் லோகோ, எங்கள் பில் அமைப்பு போன்றவற்றை அனுப்பினால் அவர்களுக்கு என்ன பயன்? அவை ஃபோர்க்கிலேயே கிடக்கட்டும். பொதுவான பிழை என்றால் 7 வாரம் ஆனாலும் அனுப்புவேன்.

ஒரே குறை, அந்த வருட அப்ரைசல் ஃபாரத்தில் இதற்கென்று கட்டம் இல்லை. ‘இதர பணிகள்’ என்பதில் ஒரு வரி எழுதி வைத்தேன்.