‘ஆல்’ எங்கே உட்காரும்? ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’ நூல் மதிப்புரை

ஆல், போத், மோஸ்ட் போன்ற அளவுச் சொற்களை ஆங்கில வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று தெளிவுபெற விரும்பி இந்நூலை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1985இல் முதன்முதலாக வெளியிட்ட இந்நூலின் ஐந்தாம் பதிப்பு 2019இல் வந்தது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்ற அமைப்பில் 145 பாடங்கள் உள்ளன.

‘ஆஃப்’ எங்கே வரும், எங்கே வராது என்பதை 88, 89ஆம் பாடங்கள் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுகின்றன. பொதுவாக மாணவர்களில் பெரும்பாலோர் என்றால் ‘மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்’; நாம் அறிந்த குறிப்பிட்ட மாணவர்களில் பெரும்பாலோர் என்றால் ‘மோஸ்ட் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ்’. நம்மூர் அலுவலகக் கடிதங்களில் தாராளமாகப் புழங்கும் ‘மோஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ இரண்டிலும் சேராது.

ஆனால் இடம் பற்றிய விதி அங்கே இல்லை. இருபது பாடங்களுக்கும் மேல் தாண்டி, வினையடைகளின் வரிசையைப் பேசும் 110ஆம் பாடத்தில் இருக்கிறது. ‘ஆல்’ பற்றி அறிய வருபவர் அங்கே போய்த் தேடமாட்டார் என்பதே என் முதன்மையான குறை. ‘பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்று பெயரை ஒட்டியே சொல்லிப் பழகிய நாம் ‘த சில்ட்ரன் ஆல் ஹேவ் கம்’ என்று எழுதிவிடுகிறோம். ‘த சில்ட்ரன் ஹேவ் ஆல் கம்’ என்பதே இயல்பான வழக்கு. துணைவினை இருந்தால் அதற்குப் பின்னும், இரண்டு இருந்தால் முதலாவதற்குப் பின்னும், ‘மை பிரதர்ஸ் ஆர் போத் ஃபார்மர்ஸ்’ என்பதுபோல் ‘ஆர்’ தனித்து நின்றால் அதற்குப் பின்னும், இவை எதுவும் இல்லாத ‘வீ ஆல் லாஃப்ட்’ போன்ற வாக்கியத்தில் வினைக்கு முன்னும் ‘ஆல்’, ‘போத்’ ஆகியவை வரும். ‘ஆல்வேஸ்’, ‘ஆல்சோ’ ஆகியவற்றுக்கும் இதே இடம்தான் என்பதால், மர்ஃபி அவற்றோடு சேர்த்தது இலக்கண நோக்கில் நியாயமே. செயப்படுபொருளுக்கு ‘ஐ சா தெம் ஆல்’ சரி, ‘ஐ சா த சில்ட்ரன் ஆல்’ தவறு என்பதையும் 110ஆம் பாடத்தின் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் படிப்பவர்கள் விடைகளுடன் கூடிய பதிப்பையே கேட்டு வாங்கவேண்டும். விடைகள் இல்லாத பதிப்பும் விற்பனையில் உண்டு, அது வகுப்பறைக்குத்தான் உதவும். ஆங்கிலத்தில் இப்போதுதான் அடியெடுத்து வைப்பவர்களுக்கு மர்ஃபியின் சிவப்பு அட்டை நூலான ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’ போதும்.