ஐந்து லட்சம் சிபிஜி தளங்களைச் சலிக்க எந்தச் சோதனை?

450கே சிப் ஏறத்தாழ 4,85,000 சிபிஜி தளங்களின் (டிஎன்ஏவில் சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்கள்) மெத்திலேற்றத்தை, அதாவது அங்கே மெத்தில் குழு ஒட்டியிருக்கும் அளவை, அளக்கிறது. எபிக் சிப் 8,50,000-க்கும் மேல். மாதிரிகளோ பல ஆய்வுகளில் சில பத்துதான். இரு குழுக்களுக்கு இடையே மெத்திலேற்றம் வேறுபடுகிறதா என்று தளத்துக்கொரு சோதனை நடத்தி, பி-மதிப்பால் (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) வரிசைப்படுத்துவது வழக்கம்.

இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சாதாரண டி-சோதனையை முதலிலேயே தள்ளிவிடலாம். குழுவுக்கு ஐந்து மாதிரி இருந்தால் சிதறல் கணிப்பே ஆட்டம் காணும். தற்செயலாகச் சிதறல் குறைந்துபோன தளங்கள் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். லிம்மா என்ற மென்பொருள் எல்லாத் தளங்களின் சிதறலையும் பார்த்து, ஒவ்வொன்றின் கணிப்பையும் பொதுப்போக்கை நோக்கி இழுப்பதால் இந்தப் போலிகள் அடங்கும். வயது, பால், உயிரணு விகிதம் எல்லாவற்றையும் அதே சமன்பாட்டில் சேர்க்கவும் முடியும்.

வில்காக்சன் சோதனை தரவரிசையை மட்டும் பார்ப்பதால் ஒன்றிரண்டு விலகல் மதிப்புகளுக்கு அசையாது. ஆனால் சிறிய ஆய்வில் அது கணக்கிலேயே தோற்கிறது. ஐந்துக்கு ஐந்து மாதிரியில், இரு குழுக்களும் முழுக்கப் பிரிந்து நின்றாலும் கிடைக்கும் மிகச் சிறிய பி-மதிப்பு 2/252, அதாவது 0.008. வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் பான்ஃபெரோனி திருத்தம் 450கே தரவில் கேட்பதோ கிட்டத்தட்ட ஒரு கோடியில் ஒன்று. குழுவுக்கு 13 மாதிரி இருந்தாலும் அதை எட்ட முடியாது, 14 வேண்டும். தேர்வானவற்றில் போலிகளின் விகிதத்தை மட்டும் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறை இவ்வளவு கறாரில்லை. முதற்கட்டச் சலிப்புக்கு அது போதும்.

பீட்டாவா, எம் மதிப்பா? பீட்டா, ஒரு தளத்தில் மெத்திலேறிய பங்கைக் காட்டும், 0 முதல் 1 வரை நிற்கும் விகிதம். ஓரங்களில் அதன் சிதறல் நசுங்கிவிடும். எம் அதன் மடக்கை வடிவம் (பீட்டா/(1−பீட்டா) என்பதன் 2 அடிமான மடக்கை), லிம்மாவுக்குப் பொருந்துவது. விலையும் உண்டு: பீட்டா 0.02-இலிருந்து 0.04 ஆனால் எம் ஏறத்தாழ 1 கூடும், 0.50-இலிருந்து 0.52 ஆனால் வெறும் 0.12. எனவே சோதனையை எம்மில் நடத்தி, வேறுபாட்டின் அளவைப் பீட்டாவில் பார்த்து வடிகட்டுவதே எங்கள் தேர்வு.

புற்றுநோய்க்கு முந்தைய திசுக்களில் சராசரி அசையாமல் சிதறல் மட்டும் கூடுவதுண்டு. ஐஈவோரா என்ற முறை இதற்காகவே வந்தது: இரு குழுக்களின் சிதறலை ஒப்பிடும் பார்ட்லெட் சோதனையால் சலித்து, பிறகு டி-மதிப்பால் வரிசைப்படுத்தும். ஒரே ஒரு விலகல் மாதிரியும் பார்ட்லெட்டைக் கிளப்பிவிடும் என்பதுதான் வில்லங்கம். சிதறலை ஒப்பிடும் இன்னொரு சோதனையான லெவீனின் வழியில் போகும் டிஃப்வார் முறை நிதானமானது. ஆனால் ஒன்றிரண்டு மாதிரிகளில் மட்டும் தெரியும் மாற்றத்தைத் தவறவிடும். எதுவானாலும், மரபணு வேறுபாடு உள்ள இடத்தில் விழும் ஆய்விகளை (சிப்பில் ஒவ்வொரு தளத்தையும் அளக்கும் டிஎன்ஏ துண்டுகள்) முன்பே நீக்குங்கள். பீட்டா 0, 0.5, 1 அருகே மூன்று கொத்தாகத் தெரிந்தால் அது மெத்திலேற்றமல்ல, மரபுவகை.

அருகருகே உள்ள தளங்களைச் சேர்த்துப் பார்க்கும் பகுதிவாரித் தேடலுக்கு டிஎம்ஆர்கேட் வேகமானது, பம்ப்ஹன்டர் மெதுவானது. முன்னதில் தனித்தளம் ஒன்றுகூட வரம்பைத் தாண்டாவிட்டால் பகுதியும் கிடைக்காது. பல தளங்களை ஒருசேர எடுத்துக்கொள்ளும் எலாஸ்டிக் நெட் முறை சலிப்புக்கானதல்ல, கணிப்புக்கானது.

இரத்த மாதிரியானால், சோதனையை மாற்றுவதைவிட உயிரணு விகிதத்தைச் சரிசெய்வதே பட்டியலை அதிகம் மாற்றும். மெத்திலேற்றத் தரவிலிருந்தே இரத்த உயிரணு வகைகளின் பங்கைக் கணிக்கும் ஹவுஸ்மன் முறை தரும் ஆறு விகிதங்களின் கூட்டல் ஏறத்தாழ 1. ஆறையும் சமன்பாட்டில் போட்டால் குணகங்கள் தள்ளாடும்; ஒன்றை விட்டுவிடுங்கள்.