டார்ச் வெளிச்சம் காற்றில் ஏன் திட்டுத் திட்டாகத் தெரிகிறது? நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

சுவரில் அடித்தால் சுத்தமாக விழுகிற வெளிச்சம், பனி இறங்கிய இரவில் வெளியே அடித்தால் கோடும் திட்டுமாகத் தெரியும். உடனே டார்ச்சைக் கழற்ற வேண்டாம். எரியவிட்டபடி கையிலேயே மெல்ல உருட்டிப் பாருங்கள். திட்டும் கூடவே சுழன்றால் கோளாறு டார்ச்சின் தலையில். சுழலாமல் நகர்ந்து கலைந்தால் அது காற்றில் மிதக்கும் பனியோ புகையோதான்.

காற்றில் கற்றை தெரிவதே தூசியும் நீர்த்துளியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான். அவை எங்கும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. தவிர, இந்த அளவுத் துகள்கள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே தள்ளும். எதிரே நிற்பவருக்குக் கண் கூசும் கற்றை, பக்கத்தில் நிற்பவருக்கு மங்கல். பின்னால் திரும்புவது கொஞ்சம்தான் என்றாலும், தலையில் மாட்டும் விளக்கில் அந்தக் கொஞ்சமே வெள்ளைத் திரையாகி வழியை மறைத்துவிடும். மூடுபனியில் டார்ச்சை இடுப்புயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பனியில் வெளிச்சம் படாது, தரை தெரியும். அதிக லூமன் (வெளிச்ச அளவு) உள்ள டார்ச் வாங்குவதைவிட இது பலன் தரும்.

இனி டார்ச்சின் தலைக்குள். எல்இடியிலிருந்து ரிஃப்ளெக்டரில் (எல்இடியைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணத்தில்) பட்டு வருவது நடுப்பொட்டு. படாமல் நேராக வெளியேறுவது சுற்றிப் பரவும் மங்கல் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவே எல்லை தெரிவது இயல்பு. வழவழப்பான ரிஃப்ளெக்டரில் வளையங்கள் அப்பட்டமாகத் தெரியும், ஆனால் தூரம் எட்டும். ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு அவற்றைக் கலைத்துவிடும், தூரம் சற்றுக் குறையும். நடுவில் இருட்டு ஓட்டை விழுந்தால் எல்இடி குவியத்தில் இல்லை என்று பொருள். கால் மில்லிமீட்டர் விலகலே போதும். இதைக் குறைந்தது 3 மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் பாருங்கள். ஒரு சாண் தூரத்தில் நல்ல டார்ச்சும் ஓட்டை காட்டும். ஜூம் டார்ச்சில் சதுரமாக விழுவது கோளாறு அல்ல, லென்ஸ் எல்இடியின் உருவத்தையே எறிகிறது.

வாங்கும்போது இல்லாத கோணல் பிறகு வந்தால், எங்கோ விழுந்ததில் எல்இடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் நகர்ந்திருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு முன்வளையத்தைத் திருகிக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் வளையத்தை நடுவில் உட்கார வையுங்கள். பிளாஸ்டிக் வளையமே இல்லாமல் மூடாதீர்கள். ரிஃப்ளெக்டரின் உலோக அடி ஈயப்பற்றில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். ரிஃப்ளெக்டரின் உட்புறத்தைத் துணியால் துடைக்கவே கூடாது. அலுமினியப் பூச்சு கீறிவிடும், கீறல் நிரந்தரம். கேமராவுக்கு வரும் ரப்பர் ஊதியால் ஊதினால் போதும்.

குறைந்த வெளிச்சத்தில் மட்டும் தூறல் துளிகள் விட்டுவிட்ட கோடுகளாகத் தெரிந்தால், அது ரிஃப்ளெக்டர் சமாசாரம் அல்ல. டிரைவர், அதாவது எல்இடிக்கு மின்சாரம் தரும் சர்க்யூட், எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. எந்த ரிஃப்ளெக்டரை மாற்றினாலும் போகாது, டிரைவரைத்தான் மாற்ற வேண்டும்.