2 கேரட் வைர மோதிரம்: எந்தக் கல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

தங்கத்தின் கிராம் விலை காலையிலேயே கடை போர்டில் ஏறிவிடுகிறது. வைரத்துக்கு அப்படி ஒரு போர்டு இல்லை. ஒரே எடை, ஒரே நிறம், ஒரே தெளிவு என்று ரிப்போர்ட்டில் (ஆய்வகம் தரும் தரச் சான்று) போட்ட இரண்டு 2 கேரட் கற்களுக்கு நடுவே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். அதில் பாதி நியாயமான வித்தியாசமாகவும் இருக்கும். எந்தப் பாதி நியாயம் என்று தெரிந்துகொள்ள, 2 கேரட்டை ஒட்டிய ஒற்றைக்கல் மோதிரம் தேடுபவர் முன்னால் வரும் தேர்வுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்துவிடலாம்.

விலை எப்படிப் பேசப்படுகிறது என்பது முதலில். 1 கேரட் என்பது 200 மில்லிகிராம், 100 சென்ட். வியாபாரிகள் கல்லின் மொத்த விலையைப் பேசுவதில்லை, ஒரு கேரட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். அதற்கு அடிப்படை, நியூயார்க்கில் மார்ட்டின் ரப்பபோர்ட் 1978-இல் தொடங்கிய விலைப்பட்டியல். வாரந்தோறும் வருகிறது. பட்டியலில் 150 என்று இருந்தால் கேரட்டுக்கு 15,000 டாலர் என்று பொருள். ஆனால் அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. 'ரேப்பில் 40 கழிவு' என்றால், பட்டியல் விலையில் 40 சதவீதம் தள்ளி, கேரட்டுக்கு 9,000 டாலர், 2.00 கேரட் கல்லுக்கு 18,000 டாலர். கழிவு எவ்வளவு என்பதில்தான் பேரம் எல்லாம். கடைக்காரர் மொத்த விலை மட்டும் சொன்னால், 'கல்லுக்கு மட்டும் கேரட் ரேட் என்ன?' என்று கேளுங்கள். அதைச் சொல்லாத கடையின் விலையை வேறெந்தக் கடையோடும் ஒப்பிட முடியாது.

1.90 கேரட்டா, 2.00 கேரட்டா?

அந்தப் பட்டியல் எடையைப் படிகளாகப் பிரிக்கிறது: 1.00 முதல் 1.49, 1.50 முதல் 1.99, 2.00 முதல் 2.99, 3.00 முதல் 3.99. ஒவ்வொரு படியிலும் கேரட் ரேட்டே மாறுகிறது. அதனால் எடை இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. பெரிய கச்சாக் கல் பூமியில் அரிது என்பது ஒரு காரணம். 'இரண்டு கேரட்' என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் நிறைய என்பது இன்னொரு காரணம்.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். 1.90 கல் கேரட்டுக்கு 8 லட்சம்; அதே தரத்தில் 2.00 கல் 20 சதவீதம் கூடுதலாக 9.6 லட்சம். முதல் கல் 15.2 லட்சம், இரண்டாவது 19.2 லட்சம். வித்தியாசம் 4 லட்சம். அந்த 4 லட்சத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 10 சென்ட், அதாவது 20 மில்லிகிராம். நல்ல விகிதத்தில் வெட்டிய 2.00 ரவுண்டு கல்லின் விட்டம் சுமார் 8.1 மில்லிமீட்டர், 1.90 கல்லுக்குச் சுமார் 7.96. விரலில் போட்ட பிறகு இந்த வித்தியாசத்தை எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஆனால் 1.90 தேடிப் போனால் எளிதில் கிடைக்காது. கச்சாக் கல்லை வெட்டுபவருக்கும் இந்தக் கணக்கு தெரியும், 2.00-ஐத் தொட முடியும் என்றால் எப்படியாவது தொட்டுவிடுவார். 1.90க்கு மேல் நிற்கும் கற்களுக்குத் தன் படியின் ரேட்டை விடச் சற்றுக் கூடுதலாகவும் கேட்பார்கள். பேரத்துக்கு இடம் உள்ள எடை 1.70 முதல் 1.85 வரை. விற்கும் நாளை நினைத்து வாங்குபவர் மட்டும் 2.00-க்குக் கீழே இறங்க வேண்டாம். அந்த முழு எண்ணுக்கு மறுவிற்பனையிலும் கிராக்கி உண்டு.

அதே 2.00, ஆனால் எந்த 2.00?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எடையைக் காப்பாற்ற வெட்டிய கல் ஆழமாக இருக்கும். கனம் அடியிலும் கர்டில் எனப்படும் இடுப்பு விளிம்பிலும் ஒளிந்துகொள்ளும். ஆழம் 64.5 சதவீதம் உள்ள 2.00 கல்லின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிடும். 2 கேரட் விலை கொடுத்து, மேலிருந்து பார்த்தால் 1.90 கேரட் தெரியும். ஒளியும் கீழ்வழியாகக் கசிந்து நடுப்பகுதி இருண்டு கிடக்கும்.

ரிப்போர்ட்டில் மூன்று விவரங்களைப் பாருங்கள். ரவுண்டு கல்லுக்கு ஆழம் 60 முதல் 62.5 சதவீதத்துக்குள், டேபிள் எனப்படும் மேல் தட்டை முகம் 54 முதல் 58 சதவீதத்துக்குள், கர்டில் 'மீடியம்' அல்லது 'ஸ்லைட்லி திக்' என்று இருந்தால் போதும். 'வெரி திக்' என்று இருந்தால் வேறு கல் கேளுங்கள். கட், பாலிஷ், சிமெட்ரி மூன்றும் 'எக்ஸலண்ட்' என்றால் வியாபாரத்தில் 'ட்ரிபிள் எக்ஸ்'. பணத்தை மிச்சப்படுத்த நிறத்தில் இறங்கலாம், தெளிவில் இறங்கலாம்; 'கட்' எனும் வெட்டுத் தரத்தில் இறங்க வேண்டாம். கல் பளிச்சிடுவதே அதனால்தான்.

நிறத்தில் இறங்குவதா, தெளிவில் இறங்குவதா?

நிறத்தின் தரம் நிறமே இல்லாத 'டி'யில் தொடங்கி, மஞ்சள் சாயல் கூடிக்கொண்டே 'இசட்' வரை போகிறது. கல் பெரிதாகப் பெரிதாக மஞ்சள் சாயல் கூடுதலாகத் தெரியும். 30 சென்ட்டில் தெரியாத 'ஜே' நிறம் 2 கேரட்டில் பக்கவாட்டில் தெரியும். வெள்ளைத் தங்கம் அல்லது பிளாட்டினம் என்றால் 'ஜி' அல்லது 'எச்'சோடு நிற்பது நல்லது. நம் வீடுகளில் பெரும்பாலும் மஞ்சள் தங்கம்தான் விருப்பம். அதில் 'ஐ', 'ஜே' கூடத் தாராளமாக எடுபடும். மஞ்சள் தங்கத்தில் வைப்பதற்காக 'டி' நிறத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

தெளிவு என்பது கல்லுக்குள் புள்ளி, கோடு எவ்வளவு குறைவு என்பது; அதில் வி.எஸ்.2 தரம் போதும். அதற்கு அடுத்த கீழ்ப்படியான எஸ்.ஐ.1 வாங்கலாம், ஆனால் கல்லை நேரில் பார்த்துத்தான். புள்ளி டேபிளுக்கு நேர் கீழே கறுப்பாக இருந்தால் 2 கேரட் கல்லில் வெறுங்கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓரத்தில் வெள்ளையாக இருந்தால் மோதிரத்தின் கொக்கி அதை மறைத்துவிடும். விரிசல் போன்ற கோடு கர்டில் வரை ஓடினால் வாங்காதீர்கள், கட்டும்போதே அங்கே சில்லு தெறிக்கலாம். எஸ்.ஐ. தரக் கல்லின் ரிப்போர்ட்டில், படத்தில் காட்டாத 'கிளவுட்'களை (மேகம் போன்ற நுண்புள்ளிக் கூட்டம்) வைத்துத் தரம் தரப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் கவனம். கல் முழுவதும் மங்கலாக இருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்கள் தோஷம் பார்ப்பவர்கள் என்றால் லென்ஸ் வழியாக அவர்களும் பார்த்துவிடட்டும், பிறகு பேச்சு வராது.

ஃப்ளோரசன்ஸ், அதாவது புற ஊதா ஒளி பட்டால் கல் ஒளிர்வது, என்ற வரியையும் ரிப்போர்ட்டில் விட்டுவிடாதீர்கள். 'டி' முதல் 'எஃப்' வரையிலான கல்லில் 'ஸ்ட்ராங் ப்ளூ' என்றிருந்தால் சந்தையில் விலை குறையும். உங்களிடமும் குறைத்துத்தான் கேட்க வேண்டும். 'ஐ', 'ஜே' கல்லில் அதே நீல ஒளி வெயிலில் கல்லை வெள்ளையாகக் காட்டும். மங்கல் இல்லை என்று ஜன்னலோரம் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டால், இதைவிடச் சிக்கனமான கல் கிடைப்பது கடினம். கடையின் ஸ்பாட் விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும், அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ரவுண்டா, ஓவலா?

ரவுண்டு வெட்டும்போது கச்சாக் கல்லில் பாதிக்கு மேல் போய்விடும், கிராக்கியும் அதற்கே அதிகம். அதனால் ஓவல், குஷன், எமரால்டு போன்ற மற்ற வெட்டு வடிவங்கள் எல்லாம் கேரட் ரேட்டில் பொதுவாகக் குறைவு. 2 கேரட் ஓவல் சுமார் 10 × 7.2 மில்லிமீட்டர் வரும். விரலில் ரவுண்டை விடப் பெரிதாகத் தெரியும். ஓவலில் நடுவே குறுக்காக ஒரு கறுப்பு நிழல் விழும். அது அடர்த்தியாக இருந்தால் தவிர்க்கவும். எமரால்டு கட் கண்ணாடி போல உள்ளே எல்லாம் காட்டிவிடும், அதில் எஸ்.ஐ. வேண்டாம்.

இயற்கைக் கல்லா, லேப் கல்லா?

லேப் கல் என்பது ஆய்வகத்தில் வளர்த்த வைரம். இரண்டும் வைரம்தான். கடினமும் ஒன்று, பளபளப்பும் ஒன்று. கடையில் கல்லின் மேல் வைத்துக் காட்டும் டெஸ்டர் பேனா லேப் கல்லையும் வைரம் என்றே சொல்லும். வேறுபாடு விலையிலும், அந்த விலை போகும் திசையிலும்.

டி பீர்ஸ் நிறுவனம் 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் லேப் கற்களைக் கேரட்டுக்கு 800 டாலர் என்று ஒரே விலையில் விற்கத் தொடங்கியது. சூரத்திலும் சீனாவிலும் உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கிக்கொண்டே போனது; 2025-இல் லைட்பாக்ஸையே மூடப்போவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் 2023 பட்ஜெட்டில் லேப் வைரத்தை வளர்க்கத் தேவைப்படும் விதைக் கற்களின் சுங்கவரி நீக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கான நிதி சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது. உற்பத்தி இன்னும் பெருகும் என்றே கணக்கிடுங்கள். இன்று 2 கேரட் லேப் கல் பல நேரம் அதே தரத்து இயற்கைக் கல்லின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது.

எனவே கேள்வி எளிது. மோதிரம் அணிந்து மகிழத்தான், விற்கவோ மாற்றவோ எண்ணமில்லை என்றால் லேப் கல் நல்ல தேர்வு. கொடுத்த பணத்தைச் செலவாக எழுதிவிடுங்கள். மகளுக்குக் கொடுப்பது, அவசரத்துக்கு மாற்றுவது என்ற நினைப்பு இருந்தால் இயற்கைக் கல். அதுவும் வாங்கிய விலைக்கு அப்படியே திரும்பும் என்று எண்ண வேண்டாம்.

லேப் கல் வாங்கும்போது மேலே சொன்ன சிக்கனம் எதுவும் தேவையில்லை. 1.90க்கும் 2.00க்கும் பெரிய தாண்டல் இருக்காது. 'ஜி'யிலிருந்து 'ஈ'க்கும், வி.எஸ்.ஸிலிருந்து வி.வி.எஸ்.ஸுக்கும் ஏறுவது மலிவு. பார்க்க வேண்டியது வேறு. வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படியவைக்கும் சி.வி.டி. முறையில் வளர்த்த கல்லில் பழுப்புச் சாயலோ பால் போன்ற மங்கலோ இருக்கலாம், உயர் அழுத்தம், உயர் வெப்பத்தில் வளர்த்த எச்.பி.எச்.டி. கல்லில் நீலச் சாயல் இருக்கலாம். ரிப்போர்ட்டில் தரம் உயரமாக இருந்தாலும், வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்.

எந்த ரிப்போர்ட்?

ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. இரண்டும் வைரத்தைத் தரம் பார்க்கும் ஆய்வகங்கள். இயற்கைக் கல்லுக்கு ஜி.ஐ.ஏ. ரிப்போர்ட் கேளுங்கள். ஒரே தரம் எழுதியிருந்தாலும் ஜி.ஐ.ஏ. கல்லுக்குச் சந்தையில் கூடுதல் விலை, ஐ.ஜி.ஐ. ரிப்போர்ட்டோடு வரும் 'ஜி' கல்லை ஜி.ஐ.ஏ. 'ஜி' விலைக்கு வாங்க வேண்டாம். லேப் கல்லுக்கு ஐ.ஜி.ஐ.தான் பரவலாக இருக்கிறது, அது போதும். ஜி.ஐ.ஏ. 2025-இல் லேப் கற்களுக்கு நிறம், தெளிவு என்று தனித்தனித் தரம் தருவதை நிறுத்தி, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்ற இரண்டே பிரிவுக்கு மாறிவிட்டது.

இதைவிட முக்கியம், ரிப்போர்ட் தனிக் கல்லுக்கானதா, கட்டிய நகைக்கானதா என்பது. கட்டிய நகைக்குத் தரும் சிறிய கார்டில் எடை தோராயமாகவும், நிறம் 'ஜி-எச்' என்று வரம்பாகவும் இருக்கும். கல் மோதிரத்தில் மாட்டியிருக்கும்போது அதற்கு மேல் துல்லியம் வராது. 50 சென்ட் வரை அந்தக் கார்டு பரவாயில்லை. 2 கேரட்டுக்கு ஏற்கவே கூடாது.

விலைச்சீட்டில் '2.00 கேரட்' என்று இருந்தாலும் விசாரியுங்கள். நடுக்கல் 1.20, சுற்றுக்கல் எல்லாம் சேர்த்து 0.80 என்பதும் 2.00 தான், ஏழு கல் கொத்தில் ஒவ்வொன்றும் சுமார் 28.5 சென்ட் வைத்தாலும் 2.00 தான். தூரத்துக்குக் கொத்து பெரிதாகவே தெரியும்; விலையோ ஒற்றைக்கல்லில் ஒரு பகுதிதான். அழகுக்கு வாங்குவதானால் தவறே இல்லை. ஒற்றைக்கல் கேரட் ரேட்டை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சுற்றுக்கற்களும் இயற்கையானவை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சின்னக் கற்களில்தான் கலப்பு எளிது.

பில்லில் பார்க்க வேண்டியது

மொத்த எடை 5.400 கிராம், கல் 2.00 கேரட் என்றால் கல்லின் எடை 0.400 கிராம், தங்கத்துக்கு 5.000 கிராமுக்குத்தான் பணம். செய்கூலி, சேதாரம் சதவீதத்தில் போட்டால் அது தங்கத்தின் மதிப்பில் மட்டும் இருக்க வேண்டும். கல்லின் விலையையும் சேர்த்து 10 சதவீதம் போட்டால் 19 லட்சக் கல்லுக்கு 1.9 லட்சம் சும்மா போகும். கடையில் மோதிரமாக வாங்கினால் மொத்தத்துக்கும் 3 சதவீத ஜி.எஸ்.டி.; வியாபாரியிடம் இயற்கைக் கல்லைத் தனியாக வாங்கினால் கல்லுக்கு 1.5 சதவீதம். 2 லட்சத்துக்கு மேல் பான் எண் கட்டாயம், 2 லட்சமோ அதற்கு மேலோ கடை ரொக்கமாகப் பெறவும் கூடாது. ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான எச்.யூ.ஐ.டி.யும் தங்கத்துக்கு மட்டுமே. கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

மோதிரத்தை 22 கேரட் தங்கத்தில் செய்யச் சொல்லாதீர்கள். பெரிய கல்லைப் பிடிக்கும் கொக்கி அதில் வளைந்துவிடும். 18 கேரட், ஆறு கொக்கி பாதுகாப்பு.

'நூறு சதவீத எக்ஸ்சேஞ்ச்' என்று கடை சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். பில்லில் உள்ள விலைக்கா, அன்றைய விலைக்கா? பணமாகத் திருப்பித் தந்தால் எத்தனை சதவீதம் கழிப்பீர்கள்? பதில் பில்லிலேயே வர வேண்டும். செய்கூலியும் ஜி.எஸ்.டி.யும் எப்படியும் திரும்பாது.

கல்லைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கட்டக் கொடுப்பதானால், கொடுக்கும் முன் பத்து மடங்கு லென்ஸில் கர்டிலில் பொறித்த எண்ணை ரிப்போர்ட் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஐ.ஜி.ஐ. லேப் கல் என்றால் எண் 'எல்.ஜி.' என்று தொடங்கும். அந்த எழுத்து கொக்கிக்கு அடியில் போகாதபடி கட்டச் சொல்லுங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் அதே எண்ணை இன்னொரு முறை படித்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.