தவணைக்கு எடுத்த ஃபிரிட்ஜ்: சாமான் நல்லது, கட்டுகிற முறைதான் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது

மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு பெரிய ஷோரூமில் மாமிக்கு 18 மாதத் தவணையில் ஃபிரிட்ஜ் எடுத்தோம். கடைசித் தவணையும் கட்டி ரிசீட்டும் கைக்கு வந்துவிட்டது, அதனால் இப்போது முழுதாக எழுதலாம். கடையின் பெயரைப் போடவில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் விசாரித்தபோது அவர்கள் வேறு கடைகளில் கட்டுவதும் ஏறக்குறைய இதே மாதிரித்தான் இருக்கிறது, ஒரு கடையை மட்டும் சொல்லி என்ன பயன்.

முதலில் சாமானைப் பற்றி. இரண்டு கதவு, இன்வர்ட்டர் ஃபிரிட்ஜ். மாமி கொக்கட்டிச்சோலைப் பக்கம், விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார், ஃபிரிட்ஜ் வந்த பிறகு ஐஸ்பழமும் ஜூஸ் பக்கற்றும் போடத் தொடங்கினார். இரவு வைத்தால் காலையில் நன்றாக இறுகியிருக்கும். தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழா நாட்களில் மேல்தட்டு காலியாகக் காலியாக நிரப்பினார், அப்படியும் தாங்கியது. பொழுதுபடுகிற நேரம் அந்தப் பக்கம் கரண்ட் இறங்கி ஏறும், அதற்கு ஸ்டெபிலைசர் தனியாக வாங்க வேண்டும், அதைக் கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். லொறியில் ஏற்றி மண்முனைப் பாலத்தால் வந்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள், காசு கேட்கவில்லை. பாலம் வருவதற்கு முன்பென்றால் துறையில் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவையில், ஏற்றி இறக்க வேண்டியிருந்திருக்கும். கவுண்டரில் நின்ற பிள்ளையும் நல்ல மாதிரி, மாமி ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவுக்கும் முழுப் புள்ளி கொடுக்கலாம்.

இனிக் காசு. ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது மாதத் தவணை மட்டும், 7,200 ரூபாய். முழுக் காசுக்கு எடுத்தால் எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் 128,000 என்றார்கள். முற்பணம் 28,000 கட்டினோம், மிச்சம் ஒரு இலட்சம். அந்த ஒரு இலட்சத்துக்கு 18 மாதம் 7,200 வீதம் கட்டினால் 129,600. முற்பணத்தையும் சேர்த்தால் 157,600. ஆக, காசுக்கு எடுப்பவரை விட மாமி 29,600 ரூபாய் கூடக் கட்டியிருக்கிறார்.

வட்டி எத்தனை வீதம் என்று கேட்டதற்கு வருடத்துக்கு இருபது வீதத்துக்குக் கிட்ட என்று பதில் வந்தது. ஒரு இலட்சத்துக்கு ஒன்றரை வருடத்தில் 29,600 என்று மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மாமியின் கையில் ஒன்றரை வருடமும் ஒரு இலட்சம் கடனாக இருக்கவில்லையே, மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது, கடைசி மாதங்களில் சில ஆயிரம்தான் பாக்கி, ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் போட்ட முழுத் தொகைக்கே போனது. மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது வருடத்துக்கு 34, 35 வீதத்தைத் தொடுகிறது. போனில் கடன் கணக்குப் போடுகிற ஏதாவது ஒன்றில் 100,000, 18 மாதம், 7,200 என்று அடித்துப் பாருங்கள், தெரியும். 2018இல் நுண்கடன், அதாவது வருமானம் குறைந்த வீடுகளுக்குக் கொடுக்கிற சிறு கடன், வட்டி மிஞ்சிப் போகிறது என்று மத்திய வங்கி உச்ச வரம்பு போட்டபோது அந்த வரம்பே 35 வீதம்தான். ஃபிரிட்ஜ் கடைக்குள் நிற்கிறபோது யாருக்கும் நுண்கடன் ஞாபகம் வருவதில்லை, ஆனால் விலை கிட்டத்தட்ட அதே விலை.

முதல் போட்ட பில்லில் மேலதிக உத்தரவாதம் என்று 6,000 ரூபாயும் ஏறியிருந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. வேண்டாம் என்றதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள், ஆனால் பில்லை வரி வரியாகப் பார்க்காதவர் அதையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டிருப்பார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில். மாமிக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும், பத்திரிகை விடாமல் படிக்கிறவர், அவரிடம் வாசிக்க முடியாத நாலு பக்கக் கடதாசியை நீட்டிப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னால் அவர் எதற்குச் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது? இப்படித் தவணைக்கு எடுப்பதை வாடகைக் கொள்வனவு என்பார்கள், அதற்கு 1982ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டும் வரைக்கும் சாமான் கடைக்காரருடையது, நாங்கள் வாடகைக்கு வைத்திருக்கிறவர்கள், அதுதான் அந்த முறை. இதை வாயால் ஒரு வசனமாகக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் பிரதியையும் கேட்டுத்தான் வாங்கினோம்.

பிணைக்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் அரசாங்கச் சம்பளக்காரராக இருக்க வேண்டும் என்றார்கள். வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அரசாங்க உத்தியோகத்தரை எங்கே தேடுவது? தெரிந்த ஒரு ரீச்சர் நின்றார். பிணை நிற்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், கடைக்குப் பின்னால் நிதிக் கம்பனி இருந்தால் அந்தப் பிணையும் கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லாரும் கிரிப் என்கிறோமே அதில், உங்கள் பேரில் பதிவாகும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அடுத்தவருடைய ஃபிரிட்ஜ் உங்கள் அறிக்கையில் இருக்கும். ரீச்சருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் நின்றிருப்பாரோ என்னவோ, ஆனால் தெரிந்து நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு மனம் ஆறாதது தவணைத் தேதி விஷயத்தில்தான். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி. சம்பளம் எடுக்கிறவருக்கு அது நல்ல நாள். மாமா வயல் வேலை செய்கிறவர், வேலை இல்லாத நாளில் ஆற்றில் வலை போடுவார். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில், சிறுபோகம் ஆவணிப் பக்கம், அந்த நேரம் கையில் காசு புழங்கும். மழை தொடங்கிவிட்டால் விதைப்பு முடிந்து வயலில் பெரிதாகக் கூலி இல்லை, வெள்ளம் வந்தால் ஆற்றிலும் இறங்க ஏலாது, குளிருக்கு ஐஸ்பழம் யார் வாங்குவார்? கார்த்திகை, மார்கழி என்றால் அந்தப் பக்கத்து வீடுகளில் பாணுக்கே கடைக் கொப்பியில் எழுதித்தான் வாங்குவார்கள். அந்த மாதங்களிலும் ஐந்தாம் திகதி வந்துகொண்டுதான் இருந்தது. பிந்தியதற்குத் தாமதக் கட்டணம் போட்டார்கள், அது ஒப்பந்தத்தில் இருக்கிறதுதான். ஆனால் மாமிக்கு ஒரு கோல், அடுத்த கோல் நேரே ரீச்சருக்கு, பள்ளிக்கூட நேரத்தில். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான் அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகவே கூச்சப்பட்டார். காதில் கிடந்ததைக் கழற்றி வங்கியில் ஈடு வைத்து அந்த மாதத்தைக் கட்டினார்.

தை பிறந்து அறுவடை வரும், அப்போது மூன்று தவணையைச் சேர்த்துக் கட்டுகிறோம், இந்த இரண்டு மாதத்தையும் விட்டுத் தாருங்கள் என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டோம். சிஸ்டத்தில் அப்படிப் போட முடியாது என்று பதில். உழவு மெசினுக்கு லீசிங் கொடுக்கிறவர்கள் போகத்தைப் பார்த்துத் தவணை போட்டுக் கொடுப்பது உண்டு, அதே மண்ணில் அதே வயலை நம்பி வாழ்கிற வீட்டுக்கு ஃபிரிட்ஜ் விற்கிறவர்களால் ஏன் முடியாது? இந்த மாவட்டத்தில் கடை போட்டிருக்கிற எல்லாரிடமும் நான் கேட்க விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

இதே மாமி வீட்டுக்கு ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் கதிரை, பெட்சீட், சட்டி, நுளம்பு வலை என்று மலைபோலக் கட்டியிருக்கும். அவரிடம் ரைஸ் குக்கர் ஒன்று எடுத்தார், கிழமைக்கு 500 வீதம் 20 கிழமை, அதாவது 10,000. அதே குக்கரைக் காத்தான்குடியில் 6,500க்குக் காசுக்கு வாங்கலாம். கணக்கைப் பார்த்தால் ஷோரூமை விட மோசம், மிக மோசம். ஆனால் அவர் கொடுத்த நீல அட்டையை எடுத்துப் பாருங்கள், கட்டம் போட்டிருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் திகதியும் ஒரு கிறுக்கலும். நடுவில் சில கிழமை வெறுங்கட்டம். மழைக் காலம் அது. “இந்தக் கிழமை ஏலாது தம்பி” என்றால் “பரவால்ல அக்கா, வாற கிழமை பாப்பம்” என்று போய்விடுவார். பிந்தினாலும் பத்தாயிரம் பத்தாயிரம்தான், ஒரு சதம் ஏறாது. பிணையும் இல்லை, ஒப்பமும் இல்லை. எங்கள் பெண்கள் கணக்குத் தெரியாமல் அவரிடம் வாங்குவதாகச் சிலர் சொல்வார்கள், எனக்கு அது கோபம் வரும். அந்த 3,500 ரூபாயை அவர்கள் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள், கஷ்டமான கிழமையில் யாரும் வாசலில் நின்று சத்தம் போடக்கூடாது என்பதற்காக. ஷோரூம் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

குழுக்கடன், அதாவது பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற நுண்கடன், எடுத்துச் சாமான் வாங்குவதை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று போய், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டும்வரை எல்லாரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதை இந்தப் பக்கம் பார்க்காத ஊர் இல்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது இதனால்தான்.

சீட்டு எனக்குப் பிடிக்கும், ஆள் சரியாக இருந்தால். 15 பேர், மாதம் 5,000, விழுந்தால் 75,000. குலுக்கல் சீட்டென்றால் வட்டி என்ற பேச்சே இல்லை. கழிவுச் சீட்டென்றால் அவசரக்காரர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முந்தி எடுக்கலாம். எழுதிப் பதிந்த சீட்டு அல்ல, பிடிக்கிறவர் ஊரை விட்டுப் போனால் போனதுதான், அதனால் வீடு வாசல் தெரிந்த ஆளிடம் மட்டும். நகை இருந்தால் அரச வங்கியில் ஈடு வைத்துக் காசுக்கே எடுப்பதையும் யோசியுங்கள், பிணை கேட்டு யார் வாசலிலும் நிற்கத் தேவையில்லை, அன்றைய வட்டி வீதத்தைக் கவுண்டரில் கேட்டு ஷோரூமின் 35உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். திருப்ப முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும், அதையும் நினைத்துக்கொண்டுதான்.

தவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021இல் தவணைக்கு எடுத்த பக்கத்து வீட்டு ஆட்களைக் கேளுங்கள். அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போய், செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு, எல்லாச் சாமானும் எட்டாத விலைக்குப் போனபோது அவர்கள் பழைய விலைக்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிரிட்ஜ் இல்லாமல் மாமிக்கு அந்த ஐஸ்பழ வருமானமும் இல்லை, காசு சேரும்வரை காத்திருந்திருந்தால் இரண்டு திருவிழா போயிருக்கும்.

ஆகவே மாதச் சம்பளம் வருகிற வீடென்றால் அந்தக் கடைக்குப் போகலாம், சாமானும் சேவையும் ஐந்துக்கு நான்கு. கூலி, வயல், கடல் என்று வாழ்கிற வீடென்றால் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் என்னால் கொடுக்க ஏலாது. போகிறவர்கள் காசு விலையையும் கட்டி முடிக்கும்போது வரும் மொத்தத்தையும் கடையின் கடதாசியிலேயே எழுதி வாங்குங்கள். முந்திக் கட்டினால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், எங்களுக்கு வாயால் மட்டும்தான் சொன்னார்கள், கடைசியில் கேட்கிறபோது ஹெட் ஆபிஸ் பார்க்கும் என்றார்கள். தவணைத் தேதியை உங்கள் கைக்குக் காசு வருகிற நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள், தேதி மட்டுமென்றால் மாற்றுவார்கள், அது எங்களுக்குப் பாதியில்தான் தெரிய வந்தது. ரிசீட் ஒன்றையும் எறியாதீர்கள். கடை சரியில்லை என்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், நிதிக் கம்பனி சம்பந்தப்பட்டதென்றால் மத்திய வங்கிக்கு 1935 என்ற இலக்கத்துக்கு.

மாமிக்கு அடுத்ததாக ஒரு கிரைண்டர் வேண்டும். காத்தான்குடியில் காசு விலை விசாரித்து வைத்திருக்கிறோம், பங்குனிச் சீட்டை அவருக்கே தருவதாக மற்றப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள், அதுவரைக்கும் மாவைக் கடையில் கொடுத்தே அரைக்கப் போகிறார்.