முடியாத ஓடுபாதை: 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' தொடர்ச்சிப் படங்கள், ஒரு மதிப்புரை

2001 இல் நெடுஞ்சாலை லொறிகளிலிருந்து டிவிடி கருவிகளைத் திருடும் ஒரு சிறு கும்பலின் கதையாகத் தொடங்கிய 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்', 2021 இல் வெளிவந்த ஒன்பதாவது படத்தில் பழைய பொன்டியாக் கார் ஒன்றில் ரொக்கெட்டைப் பொருத்தி விண்வெளிக்கே அனுப்பிவிட்டது. இதை அபத்தம் என்று சொல்லி ஒதுக்குவோரிடம் எனக்கு வழக்கில்லை, அபத்தந்தான். ஆனால் அபத்தத்திலும் தரம் உண்டு. ஐந்தாவது படத்திலிருந்து பத்தாவது வரை, வீட்டுத் தொலைக்காட்சியில் நல்ல ஒலிபெருக்கியை இணைத்து வரிசையாகப் பார்த்தால், எந்த இடத்தில் அது நம்மைக் கட்டிப்போடுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

கட்டிப்போடுவது எடை. ஜஸ்டின் லின் இயக்கிய ஐந்தாவது படத்தின் (2011) இறுதியில், இரண்டு டொட்ஜ் சார்ஜர் கார்கள் பல தொன் எடையுள்ள ஒரு பாதுகாப்புப் பெட்டகத்தைச் சுவரோடு பெயர்த்தெடுத்து, ரியோ நகரத் தெருக்களினூடே இழுத்துச் செல்கின்றன. அத்தனை எடையை இரண்டு கார்கள் அந்த வேகத்தில் இழுக்க முடியாது என்பது, டிரக்டரின் பின்னால் நெல் மூட்டை ஏற்றிப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆயினும் திரையில் அந்தப் பெட்டகம் தெருவோரக் கம்பங்களைச் சாய்க்கும்போதும், வளைவில் திரும்ப மறுத்துக் கட்டடத்துக்குள் புகும்போதும், நம் உடல் தன்னையறியாமல் நாற்காலியில் ஒருபக்கம் சாய்கிறது. காரணம் எளியது. படப்பிடிப்பு பெரும்பாலும் புவெர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. பெட்டகத்தின் பல மாதிரிகளைச் செய்தார்கள். அவற்றுள் ஒன்று உள்ளே ஒரு சாரதி அமர்ந்து ஓட்டக்கூடிய வாகனமாகவே இருந்தது. கணினி பின்னர் கைவைத்திருந்தாலும், உலோகம் உலோகத்தோடு மோதியது உண்மை. பொய்யான கணக்கு, மெய்யான இரும்பு: இந்தக் கலவை கைகூடிய காட்சிகளுக்காகவே இப்படங்களை நான் பரிந்துரைக்கிறேன்.

ஆறாவது படத்தின் (2013) ஓடுபாதைக் காட்சி இன்னொரு வகை இன்பம். பெரிய சரக்கு விமானம் ஒன்று மேலெழ முயல, கார்கள் அதைத் துரத்த, காட்சி பத்து நிமிடங்களுக்கும் மேலாக நீள்கிறது. வேகத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் என்று குறைத்து வைத்தாலும், பத்து நிமிடங்களில் 26 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நமது திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்தின் ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவானது. இந்தப் படத்துக்காக அதை நீட்டுவதென்றால் தம்பலகாமத்தைத் தாண்டிக் கந்தளாய்ப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் படம் முடிந்த பிறகுதான் போடத் தோன்றுகிறது என்பதே இயக்குநரின் வெற்றி. ஒரே நேரத்தில் நான்கைந்து சண்டைகளை மாறிமாறிக் காட்டி, கடிகாரத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறார்.

இப்படங்களின் கவர்ச்சியில் நம் ஊர்க்காரருக்கென்றே ஒரு பங்கும் இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பதினைந்து வயதான கார்கூட நகைக்குரிய மரியாதையோடு விலை பேசப்பட்டது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி, பெற்றோலைக் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து வாங்கினோம். (இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாக் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் ஊரில் அந்த வரிசையிலும் நின்றோம் என்பது வேறு கதை.) அப்படி வாழ்ந்தவர்கள் எட்டாவது படத்தில் (2017) வாகனத் தரிப்பிட மாடியிலிருந்து கார்கள் மழையாகக் கொட்டுவதைப் பார்க்கும்போது எழும் உணர்ச்சி, கலிபோர்னியாப் பார்வையாளருக்கு எழுவது அன்று. அதில் பதைப்பும் இருக்கிறது, பழிதீர்த்த திருப்தியும் இருக்கிறது. கராஜ் வைத்திருக்கும் அயலவர் ஒருவர் அக்காட்சியில் கதையைக் கவனிக்கவேயில்லை. எந்தக் கதவை, எந்த முன்விளக்கைக் கழற்றி எடுத்திருக்கலாம் என்றே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கார்களிற் பல உண்மையாகவே கிளீவ்லாந்து நகரில் கீழே தள்ளப்பட்டவை என்று அறிந்தால் அவர் இன்னும் வருந்துவார்.

தொடரின் உச்சம் ஜேம்ஸ் வான் இயக்கிய ஏழாவது படம் (2015). விமானத்திலிருந்து பரசூட்டுடன் கார்கள் குதிக்கும் காட்சிக்காக உண்மையான கார்களை உண்மையாகவே வானிலிருந்து வீழ்த்தினார்கள். அபுதாபியில் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குப் பாயும் சிவப்புக் காரோ பெரும்பாலும் கணினியின் கைவண்ணம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் முந்தையது வயிற்றைப் பிசைவதையும், பிந்தையது கண்ணை மட்டும் மகிழ்விப்பதையும் உணரலாம். படப்பிடிப்பு முடியுமுன், 2013 நவம்பரில், தொடரின் நாயகர்களுள் ஒருவரான போல் வோக்கர் கார் விபத்தில் இறந்தார்; எஞ்சிய காட்சிகளை அவருடைய இரு சகோதரர்களின் உதவியோடும் கணினி வரைகலையோடும் நிறைவு செய்தனர். இரண்டு கார்கள் பிரியும் அந்த இறுதிச் சாலைக்காக மட்டுமே இப்படத்தைப் பார்ப்பவர்களை நான் அறிவேன், அவர்கள் மிகைப்படுத்தவில்லை.

அதன்பின் சறுக்கல். எட்டாவதில் பனி ஏரியில் துரத்தும் நீர்மூழ்கிக் கப்பலை இரசிக்கலாம். ஐஸ்லாந்தின் பனி உண்மையானது என்பதால் அது தாங்குகிறது. ஒன்பதாவதில் காந்தம் கார்களை இழுத்து எறியும்போது எதற்கும் எடையில்லை. அதைவிடப் பெரிய குறை, நாங்கள் ஏன் சாவதேயில்லை என்று ரோமன் பாத்திரம் வாய்விட்டே கேட்பதுதான். ஆறாவது படத்தில் பாலத்துக்கு மேலே பறந்துபோய்க் காதலியை நடுவானில் ஏந்தும் டொமினிக் டொரெட்டோவை நாம் நம்பியது, வின் டீசல் அதை ஒரு துளிச் சிரிப்பும் இல்லாமல் செய்தமையால் அல்லவா? கூத்தில் அரசன் வேடமிட்டவர் பாதியில் முடியைக் கழற்றிச் சபையைப் பார்த்துக் கண்ணடித்தால், பிறகு எத்தனை நல்ல பாட்டுப் பாடினாலும் அவர் அரசனாவதில்லை.

பத்தாவது படம் (2023) ஓரளவு மீள்கிறது. ரோம் நகரச் சரிவுகளில் உருண்டோடும் பெரிய குண்டு பழைய பெட்டகத்தை நினைவூட்டுகிறது. ஜேசன் மொமோவாவின் வில்லன், மற்ற எல்லோருடைய இறுக்கத்துக்கும் மாற்றாகக் கும்மாளமடிக்கிறார். ஆனால் அவருடைய பகை ஐந்தாவது படத்தின் பெட்டகக் காட்சியிலிருந்து பிறப்பதால், அதைப் பார்க்காமல் இதைத் தொடங்குவது வீண்.

தமிழ் ஒலிமாற்றத்தில் கிடைக்கும் படங்களைச் சிறுவர்களோடு பார்ப்பது வசதி. ஒலியின் நுட்பம் வேண்டுவோர் ஆங்கிலத்தையே தெரிவு செய்க, ஏனெனில் குரல்களை மாற்றும்போது இயந்திரங்களின் உறுமல் சற்றுப் பின்வாங்கிவிடுகிறது. நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் கூடவே இருந்து பாருங்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்றையும் ஒழுங்காகப் பார்த்தால் போதும். பத்தாவது படம் ஓர் அணைக்கட்டின் அடியில் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு முடிகிறது. அடுத்த பாகத்துக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஏழாவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.